திப்பு திப்: பேரேட்டில் ஏறாத பற்று



"திப்பு" என்றதும் நம்மவர் நினைவுக்கு வருவது மைசூர்த் திப்பு சுல்தான்தான். இன்று நாம் படிக்கப்போகிறவர் அவரல்லர். இவர் கிழக்கு ஆப்பிரிக்கக் கரைக்கு அப்பாலுள்ள ஸான்ஸிபார் தீவில் பிறந்து, கண்டத்தின் நடுப்பகுதிவரை கால்நடையாகச் சென்று, யானைத் தந்தமும் அடிமைகளும் வியாபாரம் செய்து, ஒரு நாட்டையே தம் கைக்குள் வைத்திருந்து, 1905-ஆம் ஆண்டில் பிறந்த தீவிலேயே காலமான ஒரு வர்த்தகர். முழுப்பெயர் ஹமத் பின் முஹம்மத் பின் ஜும்ஆ அல் முர்ஜபி. திப்பு திப் என்பது உள்நாட்டு மக்கள் வைத்த பட்டப்பெயர். தம் ஆட்களின் துப்பாக்கி ஓசையைக் கேட்டு அவர்கள் அப்படி அழைத்தார்கள் என்று அவரே சொல்லியிருக்கிறார். அடிக்கடி கண் சிமிட்டும் பழக்கத்தால் வந்த பெயர் என்று கூறுவோரும் உண்டு.

இவரைப் பற்றி எழுதியோர் பெரும்பாலும் இரு கட்சியாக நிற்கிறார்கள். ஒரு கட்சியார் இவரை வீரர், அறிவாளி, வெள்ளையருக்கே வழிகாட்டிய பெரிய மனிதர் என்று புகழ்ந்து, மற்றதை மறைத்துவிடுகிறார்கள். இன்னொரு கட்சியார் இவரைக் கொடியவர் என்று சொல்லி, அந்தப் பழியை இவர் சார்ந்த மார்க்கத்தின்மீதும் இனத்தின்மீதும் ஏற்றிவிட்டுத் தம் கையைக் கழுவிக்கொள்கிறார்கள். நாம் வியாபாரிகள். ஒரு கணக்கு கைக்கு வந்தால் வரவையும் பார்ப்போம், பற்றையும் பார்ப்போம். அதன் பிறகே ஐந்தொகை எடுப்போம். அந்த முறையிலேயே இவருடைய வாழ்க்கையையும் பார்ப்போமாக.

ஊரும் குலமும்

திப்பு திப் பிறந்த ஆண்டு 1832-க்கும் 1837-க்கும் இடைப்பட்டது என்பது ஆராய்ச்சியாளர் கருத்து. தாயார் மஸ்கத் நகரத்து உயர்குடி அரபுப் பெண்மணி. தந்தையும் பாட்டனாரும் கரையோர அரபிகள்; உள்நாட்டுக்கு வியாபாரப் பயணம் போன முதல் தலைமுறையைச் சேர்ந்தவர்கள். தந்தைவழி முன்னோரில் ஓர் ஆப்பிரிக்கப் பெண்ணும் உண்டு. அரபு நாட்டாரும் ஆப்பிரிக்கரும் பல நூற்றாண்டுகள் கலந்து வாழ்ந்த அக்கரையோரத்து மக்களுக்கு ஸுவாஹிலிகள் என்று பெயர். கரைகள் என்று பொருள்படும் அரபுச் சொல்லிலிருந்து வந்தது அப்பெயர். ஆகவே இவர் ஆப்பிரிக்க மண்ணுக்கு அந்நியர் அல்லர். பின்னாளில் இவர் யாரைப் பிடித்து விற்றாரோ, அவர்களுடைய கண்டத்தின் இரத்தம் இவர் உடம்பிலும் ஓடியது.

ஸான்ஸிபார் அப்பொழுது பெரிய வியாபாரத் துறைமுகம். ஓமான் நாட்டை ஆண்ட ஸையித் ஸயீத் 1840-ஆம் ஆண்டளவில் தம் இருப்பிடத்தை மஸ்கத்திலிருந்து இத்தீவுக்கே மாற்றிக்கொண்டார். அவர் காலத்தில் ஸான்ஸிபாரிலும் பெம்பாவிலும் கிராம்புத் தோட்டங்கள் பெருகின. கிராம்பு மொட்டைக் காலம் தவறாமல் கையால் பறிக்க வேண்டும். அதற்கு ஆட்கள் ஏராளமாக வேண்டும். அந்த ஆட்களைக் கூலிக்கு அமர்த்தவில்லை. உள்நாட்டில் பிடித்து வந்தார்கள். தந்தமோ பம்பாய்க்கும் இலண்டனுக்கும் அமெரிக்காவுக்கும் கப்பலேறியது. இந்தியாவில் அது வளையலாயிற்று. மேல்நாட்டில் பியானோ வாத்தியத்தின் கட்டைகளாகவும், பில்லியர்டு பந்துகளாகவும், கத்திப் பிடிகளாகவும், சீப்புகளாகவும் ஆயிற்று. மேல்நாட்டு நடுத்தரக் குடும்பங்களின் கூடத்தில் பியானோ வைப்பது நாகரிகமாகப் பரவப் பரவ, தந்தத்தின் விலையும் ஏறிக்கொண்டே போயிற்று.

கடன் வியாபாரத்தின் அமைப்பு

இந்த வியாபாரம் எப்படி நடந்தது என்பதை நம் வாசகர்கள் எளிதில் புரிந்துகொள்வார்கள். ஸான்ஸிபாரில் கைமுதல் வைத்திருந்தவர்கள் பெரும்பாலும் கச்சு, குஜராத் பகுதிகளிலிருந்து வந்த இந்திய வணிகர்கள். பாட்டியா இந்துக்களும் கோஜா முஸ்லிம்களும் அவர்களில் முக்கியமானவர்கள். துறைமுகச் சுங்கத்தை ஸுல்தானிடமிருந்து குத்தகைக்கு எடுத்து நெடுங்காலம் நடத்தியது ஜெய்ராம் சிவ்ஜி என்ற பாட்டியா நிறுவனம். 1876 முதல் சில ஆண்டுகள் அக்குத்தகை தாரியா தோப்பன் என்ற கோஜா வணிகரிடம் இருந்தது. திப்பு திப்புக்குப் பெருமளவில் சரக்குக் கடன் கொடுத்தவரும் இந்தத் தாரியா தோப்பன்தான்.

உள்நாட்டுக்குப் போகிற பயணத் தலைவர் ரொக்கமாக எதையும் வாங்குவதில்லை. அமெரிக்காவில் நெய்த வெளுக்காத துணி (அதற்கு அங்கே மெரிகானி என்று பெயர்), பாசிமணி, செம்புக் கம்பி, துப்பாக்கி, மருந்து ஆகியவற்றை ஏற்றிய விலைக்குக் கடனாக எடுத்துக்கொள்வார். சுமைகாரர்களைச் சேர்த்துக்கொண்டு பாகமோயோ போன்ற கரையூர்களிலிருந்து புறப்படுவார். ஓர் ஆள் சுமை இரண்டு பராசிலா, அதாவது சுமார் 70 இராத்தல். திரும்பி வர இரண்டு வருடமும் ஆகலாம், பத்து வருடமும் ஆகலாம். வழியில் பெரியம்மை உண்டு, பஞ்சம் உண்டு, சண்டை உண்டு. ஆள் திரும்பாமலே போய்விட்டால் கடன் கொடுத்தவர் நஷ்டமடைவார். திரும்பினால் தந்தத்தை எடுத்துக்கொண்டு கணக்கைத் தீர்ப்பார்.

சுமைகாரர் எல்லோரும் அடிமைகள் என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியன்று. நியாம்வேஸி இனத்தார் கூலி பேசிச் சுமை தூக்குவதையே தொழிலாகக் கொண்டிருந்தார்கள். பிடிபட்டவர்களின் தலையில் சுமையேற்றி, கழுத்தில் கவைக்கட்டை பூட்டி நடத்தி வந்ததும் உண்டு. இரண்டும் ஒரே பாதையில்தான் நடந்தன.

இளமையில் தொழில் பழகியது

பன்னிரண்டு வயதிலேயே இவர் கரையோரத்தில் கோப்பல் என்னும் பிசின் வாங்கி விற்கப் புறப்பட்டுவிட்டார். பதினெட்டு வயதளவில் தந்தையாருடன் உள்நாட்டுக்குச் சென்றார். தந்தையார் தபோராவில் தங்கி, அவ்வூர்த் தலைவர் குடும்பத்தில் பெண்ணெடுத்து, அங்கே செல்வாக்காக வாழ்ந்தவர். மகன் அதற்கும் அப்பால், தங்கானீக்கா ஏரியைக் கடந்து போனார்.

அந்த முதற் பயணத்தில் அவர் செய்த ஒரு காரியம் அவருடைய புத்தியைக் காட்டும். போன இடத்தில் பெரிய தந்தம் விலை அதிகம். சிறு தந்தம் மலிவு. கூட வந்தவர்கள் எல்லோரும் பெரிய தந்தத்தையே போட்டி போட்டு வாங்கினார்கள். இவர் மட்டும் சிறு தந்தங்களை வாங்கிச் சேர்த்தார். ஸான்ஸிபார் சந்தையில் இரண்டுக்கும் விலையில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆகவே ஆதாயம் கண்டவர் இவரே. எல்லோரும் போகும் வழியில் போகாமல் வாங்குமிடத்து விலையையும் விற்குமிடத்து விலையையும் சேர்த்து எண்ணிப் பார்த்த இந்த இளைஞரை, எந்த ஊர்க் கடைத்தெருவும் "பிழைக்கத் தெரிந்த பிள்ளை" என்றுதான் சொல்லும்.

துப்பாக்கி பேசத் தொடங்கியது

1867-ஆம் ஆண்டில் தங்கானீக்கா ஏரியின் தென்மேற்கே இதாப்வா நாட்டை ஆண்ட ன்ஸாமா என்ற தலைவனோடு இவருக்குச் சண்டை மூண்டது. ன்ஸாமா தந்தம் தருவதாக அழைத்து வஞ்சித்தான் என்பது திப்பு திப் தரப்பு. சண்டையில் இவர் உடம்பில் அம்பு தைத்தது. ஆனால் அம்புக்கும் துப்பாக்கிக்கும் நடந்த போரில் முடிவு என்னவாகும்? ஊர் வீழ்ந்தது. அங்கே எடுத்த தந்தம் 1,950 பராசிலா என்று இவர் கணக்குச் சொல்கிறார். நம் கணக்கில் ஏறத்தாழ 30 டன். அதோடு செம்பும் கிடைத்தது. மக்களும் பிடிபட்டார்கள்.

அதே ஆண்டு ஜூலைக் கடைசியில், டாக்டர் லிவிங்ஸ்டன் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் அப்பகுதியில் அலைந்துகொண்டிருந்தார். அடிமை வியாபாரத்தை ஒழிக்க வேண்டும் என்று உலகுக்கெல்லாம் எழுதியவர் அவர். பட்டினியோடு வந்த அவருக்குத் திப்பு திப் ஓர் ஆடு, வெள்ளைத் துணி, பாசிமணி, ஒரு மூட்டை சோளம் எல்லாம் கொடுத்து உபசரித்தார். லிவிங்ஸ்டன் அதைத் தம் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். விருந்தினரைப் பேணும் பண்பில் திப்பு திப்பை யாரும் குறை சொன்னதில்லை. வீட்டுக்கு வந்தவரிடம் இவ்வளவு அன்பாக நடந்த ஒருவர், சில வாரங்களுக்கு முன் ஓர் ஊரையே கொள்ளையிட்டு வந்திருந்தார் என்பதுதான் நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டியது.

பாட்டி கதையால் கிடைத்த நாடு

1870-ஆம் ஆண்டளவில் புறப்பட்ட அடுத்த பயணம் பன்னிரண்டு வருடம் நீடித்தது. லுவாலபா ஆற்றுக்கும் லொமாமி ஆற்றுக்கும் இடைப்பட்ட உத்தேத்தரா என்ற நாட்டை, கஸோங்கோ ருஷி என்ற முதிய தலைவர் ஆண்டு வந்தார். அவருடைய சகோதரிகள் இருவர் பல வருடங்களுக்கு முன் பகைவரால் சிறைபிடித்துப் போகப்பட்டவர்கள். திப்பு திப் இந்தச் செய்தியை வழியிலேயே கேட்டறிந்து கொண்டார். முதியவரிடம் போய், அச்சகோதரிகளில் ஒருத்தியே தம் பாட்டி என்று சொன்னார். காணாமற்போன சகோதரியின் பேரன் திரும்பி வந்தான் என்று முதியவர் மனமகிழ்ந்து, தம் ஆட்சியையே இவர் கையில் ஒப்படைத்தார். அந்நாட்டுத் தந்தமெல்லாம் இனி விலையின்றி இவரிடம் வந்து சேரும்.

இக்கதையை வேறு யாரும் புனைந்து சொல்லவில்லை. திப்பு திப் தாமே சொன்னது. இதில் உள்ள கொடுமையை அவர் உணர்ந்ததாகத் தெரியவில்லை. உற்றாரைப் பறிகொடுத்த ஒரு குடும்பத்தின் துக்கத்தை, மனிதரைப் பிடித்து விற்பதையும் தொழிலாகக் கொண்ட ஒருவர் தமக்கு முதலாக்கிக்கொண்டார்.

அதன்பின் கஸோங்கோ என்ற ஊர் இவருடைய தலைமையிடமாயிற்று. நெல்லும் சோளமும் விளைந்த வயல்கள், சீரான வீடுகள், பாதுகாப்பான பாதைகள் ஆகியவற்றைக் கண்டு அவ்வழி சென்றோர் வியந்திருக்கிறார்கள். அந்த வயல்களில் உழைத்தவர்களும் பிடிபட்டவர்களே. மன்யேமா என்னும் அப்பகுதியில் தந்தம் சேர்த்த முறை என்ன தெரியுமா? ஓர் ஊரைத் தாக்கிப் பெண்களையும் பிள்ளைகளையும் பிடித்து வைத்துக்கொள்வார்கள். ஆண்கள் தந்தம் கொண்டு வந்து கொடுத்தால் மீட்டுப் போகலாம். தந்தம் இல்லாதவனின் மனைவி மீளமாட்டாள். 1871 ஜூலை 15 அன்று நியாங்வே சந்தையில், கூடியிருந்த பெண்கள்மீது வியாபாரிகளின் ஆட்கள் சுட்டார்கள், நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். லிவிங்ஸ்டன் அதைக் கண்ணால் கண்டவர். அது திப்பு திப் ஆட்களின் செயலன்று. வேறு வியாபாரிகளின் ஆட்கள் செய்தது. ஆனால் தொழில் ஒன்றுதான்.

வழி காட்டியவர் வழி இழந்தது

1874-ஆம் ஆண்டில் கேமரன் என்ற ஆங்கிலேயக் கடற்படை அதிகாரிக்கு இவர் உதவினார். 1876-இல் ஸ்டான்லி வந்தார். லுவாலபா ஆறு எங்கே போய் விழுகிறது என்று கண்டறிய வேண்டும் என்பது அவர் நோக்கம். வடதிசைக் காடுகளில் காலெடுத்து வைக்க அவருடைய ஆட்கள் அஞ்சினார்கள். 60 நடை தூரம் துணைவர, 5,000 டாலர் என்று திப்பு திப்புடன் ஒப்பந்தமாயிற்று. நவம்பரில் நியாங்வேயிலிருந்து புறப்பட்டார்கள். காட்டின் இருளும் நோயும் ஆட்களை வாட்டவே, டிசம்பர்க் கடைசியில் திப்பு திப் விடைபெற்றுத் திரும்பினார். ஸ்டான்லி ஆற்றோடு படகில் போய், 1877 ஆகஸ்டில் அட்லாண்டிக் கரையை அடைந்தார். லுவாலபா என்பது காங்கோ நதியே என்பது உலகுக்குத் தெரிந்தது. தமக்குச் சேர வேண்டிய தொகை முழுவதும் வரவில்லை என்று திப்பு திப் கடைசிவரை குறைபட்டுக்கொண்டார்.

ஆனால் அவர் இழந்தது அந்தத் தொகை மட்டுமா? பெல்ஜிய அரசர் லியோபோல்டு அந்த ஆற்று வழியையே பற்றிக்கொண்டு, ஸ்டான்லியையும் தம் வேலைக்கு அமர்த்தி, கீழ்நதியிலிருந்து மேல்நோக்கி நிலையங்கள் அமைத்தார். 1884-85-இல் பெர்லினில் கூடிய ஐரோப்பிய வல்லரசுகள் ஆப்பிரிக்காவைப் பங்கிடும் விதிமுறைகளை வகுத்தன. 1885-இல் லியோபோல்டின் சொந்த ஆளுகையில் காங்கோ சுதந்திர நாடு என்ற பெயரில் ஓர் அரசு ஏற்பட்டது. திப்பு திப் ஐயாயிரம் டாலருக்குப் பேசிய வழித்துணை, அவருடைய சொந்த நாட்டுக்கே வாசலைத் திறந்துவிட்டது.

1886-இல் ஸ்டான்லி அருவி நிலையத்தில் ஒரு தகராறு மூண்டது. அடிமைப்பெண் ஒருத்தி எஜமானின் கொடுமை தாங்காமல் நிலையத்துக்கு ஓடிவந்தாள். நிலைய அதிகாரி அவளைத் திருப்பிக் கொடுக்க மறுத்தார். அரபு வியாபாரிகளின் ஆட்கள் நிலையத்தைத் தாக்கி அழித்தார்கள். திப்பு திப் அப்போது அங்கே இல்லை. அதே ஆண்டில் ஆங்கிலேயரும் ஜெர்மானியரும் செய்துகொண்ட உடன்படிக்கை, ஸான்ஸிபார் ஸுல்தான் பர்காஷுக்குப் பெருநிலத்தில் பத்து மைல் அகலக் கரையை மட்டுமே விட்டுவைத்தது. உள்நாட்டில் இனித் தமக்கு ஆதரவு இல்லை என்பதைத் திப்பு திப் கண்டுகொண்டார்.

1887 பிப்ரவரியில் ஸ்டான்லி மீண்டும் ஸான்ஸிபாருக்கு வந்தார். லியோபோல்டின் சார்பில் திப்பு திப்பை ஸ்டான்லி அருவிப் பகுதிக்கு ஆளுநராக நியமித்தார். சம்பளம் மாதம் 30 பவுன். காங்கோ அரசின் கொடியைப் பறக்கவிட வேண்டும். தம் எல்லையில் அடிமை பிடிப்பதைத் தடுக்க வேண்டும். சொந்த வியாபாரம் செய்துகொள்ளலாம். அடிமை வியாபாரத்தை ஒழிப்போம் என்று பறைசாற்றிய அரசு, அவ்வியாபாரத்தின் பெரும்புள்ளியையே அதைத் தடுக்கும் அதிகாரியாக வைத்தது. இருவரும் மதுரா என்ற கப்பலில் ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றிக் காங்கோ முகத்துவாரத்துக்குப் போனார்கள்.

ஸ்டான்லியின் அந்தப் பயணத்துக்கு 600 சுமைகாரர் தருவதாகவும் திப்பு திப் ஒப்புக்கொண்டிருந்தார். ஓராண்டுக்கு மேல் கழித்தே ஆட்கள் வந்தார்கள், அதுவும் குறைவாக. காத்திருந்த பின்படையில் நோயாலும் பட்டினியாலும் பலர் இறந்தனர். அதன் தலைவர் 1888 ஜூலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். ஸ்டான்லி பழியைத் திப்பு திப்மீது போட்டு ஸான்ஸிபாரில் வழக்குத் தொடுத்தார். ஸ்டான்லி தருவதாகச் சொன்ன மருந்தும் குண்டும் தரப்படவில்லை என்பது திப்பு திப்பின் வாதம். வழக்கு பின்னர் கைவிடப்பட்டது.

முடிவு

1890-இல் காங்கோவை விட்டுப் புறப்பட்ட திப்பு திப், 1891-இல் ஸான்ஸிபார் வந்து சேர்ந்தார். அந்த 1891-லேயே லியோபோல்டின் அரசு தந்தத்தையும் இரப்பரையும் தன் உரிமையாக்கிக்கொள்ள முனைந்தது. 1892-இல் காங்கோ அரசுக்கும் அரபு வியாபாரிகளுக்கும் போர் மூண்டது. 1893 மார்ச்சில் நியாங்வே வீழ்ந்தது. ஏப்ரலில் கஸோங்கோ வீழ்ந்தது. அவருடைய மகன் ஸைஃப் (ஸெஃபு என்று அங்கே அழைப்பர்) போரில் மாண்டார். முப்பது வருடம் தேடியது அங்கே அழிந்தது.

போரில் வென்றவர்கள் அடிமைகளை மீட்டதாகச் சொல்லிக்கொண்டார்கள். ஆனால் நடந்தது என்ன? இரப்பர் பால் கொண்டுவர ஆண்களைக் காட்டுக்கு விரட்டினார்கள். அவர்கள் திரும்பும்வரை பெண்களைப் பிணையாக அடைத்து வைத்தார்கள். தந்தத்துக்குச் செய்ததை இரப்பருக்குச் செய்தார்கள். இம்முறை ஓர் அரசாங்கமே செய்தது. உலகத்தார் கண்டித்த பிறகே, 1908-இல் அந்நாடு அரசரின் கையிலிருந்து பெல்ஜிய அரசாங்கத்தின் கைக்கு மாறியது.

ஸான்ஸிபாரின் அடிமைச் சந்தை 1873-லேயே ஸுல்தான் பர்காஷின் உடன்படிக்கையால் மூடப்பட்டுவிட்டது. அடிமைத்தனத்துக்குச் சட்டத்தில் இருந்த மதிப்பு 1897-இல் நீக்கப்பட்டு, 1909-இல் முற்றும் ஒழிந்தது. 1895 அளவில் திப்பு திப்புக்கு ஏழு தோட்டங்களும் பதினாயிரம் அடிமைகளும் இருந்ததாகச் சொல்வார்கள். 1905 ஜூனில் மலேரியாக் காய்ச்சலால் அவர் காலமானார்.

அவர் விட்டுப்போன கணக்கு

கடைசிக் காலத்தில் அவர் தம் வரலாற்றை ஸுவாஹிலி மொழியில், அரபு எழுத்தில் எழுதி வைத்தார். நம் முன்னோர் தமிழை அரபு எழுத்தில் எழுதிய அரபுத்தமிழ் போன்றதே அவ்வழக்கமும். ஹைன்ரிஹ் புரோட என்ற ஜெர்மானியர் அதை வாங்கி, ஜெர்மன் மொழிபெயர்ப்போடு 1902-03-இல் அச்சிட்டார். ஸுவாஹிலி மொழியில் தன்வரலாறு என்று சொல்லத்தக்க முதல் நூல் இதுவே என்பார்கள்.

அந்நூலை ஒரு வியாபாரி படித்தால் தம் வீட்டுக் கதை போலவே இருக்கும். எங்கே என்ன விலை, யாரிடம் எவ்வளவு கடன், எத்தனை பராசிலா தந்தம், யார் வாக்குத் தவறினார் என்றெல்லாம் பல வருடம் கழித்தும் நினைவு வைத்துச் சொல்கிறார். கடனை அடைப்பதைக் கௌரவமாக எண்ணியவர், கூட்டாளியைக் கைவிடாதவர். ஆனால் பிடிபட்ட மனிதர்கள் அந்நூலில் பெயரற்ற கூட்டமாக வந்து போகிறார்கள். தந்தத்துக்கு எடை உண்டு. அவர்களுக்கு அதுவும் இல்லை.

இங்கேதான் நமக்குப் பாடம் இருக்கிறது. வாங்கிய கடனைத் தவணை தவறாமல் தீர்ப்பவனையே நாம் நாணயமானவன் என்கிறோம். திப்பு திப் அந்த அளவுகோலில் தேறிவிடுகிறார். தாரியா தோப்பனுக்குச் சேரவேண்டியது சேர்ந்தது. இதாப்வா நாட்டு மக்களுக்குச் சேரவேண்டியது எந்தப் பேரேட்டில் ஏறியது? சரக்குக் கொடுத்தவர்களிடம் மட்டும் நாணயமாக இருந்து, சரக்கு யாரிடமிருந்து பறிக்கப்பட்டதோ அவர்களைக் கணக்கில் சேர்க்காமல் விட்டால், அந்த ஐந்தொகை ஒருநாளும் சரியாகாது.

இந்தப் பற்று அவர் ஒருவர் பேரில் மட்டும் எழுதத்தக்கதும் அன்று. ஸான்ஸிபார்க் கடையில் மெத்தையில் சாய்ந்தபடி கடன் கொடுத்த வணிகர் ஒரு துப்பாக்கியையும் தொட்டதில்லை. பம்பாயில் வளையல் வாங்கிய மணப்பெண் ஓர் ஊரையும் எரித்ததில்லை. இலண்டனில் பியானோ வாசித்த சிறுமி யாரையும் சங்கிலியில் பூட்டியதில்லை. ஆயினும் அவர்கள் எல்லோரும் கொடுத்த விலைதான் திப்பு திப்பைக் காட்டுக்குள் அனுப்பியது. கை நீளமான வியாபாரத்தில், கடைசிக் கையில் உள்ள இரத்தம் முதற்கைக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள விரும்புவோரும் அரிது.

மார்க்கத்தின் பெயரால் இவரைக் காப்பாற்றவும் இயலாது. அடிமையை உரிமை விடுவதைப் பெரிய நன்மையாகவும், சில குற்றங்களுக்குப் பரிகாரமாகவும் வைத்த மார்க்கம் நம்முடையது. சுதந்திரமாகப் பிறந்தவனைப் பிடித்து விற்று அந்தக் கிரயத்தை உண்பதற்கு அதில் இடமில்லை. தொழுகையும் நோன்பும் தவறாத மனிதர்கள் இதை எப்படிச் செய்தார்கள் என்று கேட்டால், பள்ளிவாசலை ஒரு கணக்காகவும் கடையை இன்னொரு கணக்காகவும் வைத்துக்கொண்டார்கள் என்பதே விடை. மற்ற மார்க்கத்தாரும் தத்தம் அடிமை வியாபாரத்தில் அவ்வாறே செய்தார்கள் என்பது உண்மை. பிறர் கடனைக் காட்டி நம் கடனைத் தள்ளுபடி செய்ய எந்தக் கணக்குப்பிள்ளையும் ஒப்பமாட்டார்.

ஸான்ஸிபாரில் பழைய அடிமைச் சந்தை இருந்த இடத்தில் இன்று ஒரு தேவாலயம் நிற்கிறது. அதன் அருகே தரையில் ஒரு குழி. குழிக்குள் கழுத்தில் சங்கிலி பூட்டிய ஐந்து மனிதரின் கற்சிலைகள். திப்பு திப்பின் வீடும் அதே நகரில்தான் உள்ளது. தந்தத்தின் எடை தெரிந்த நமக்கு, அக்குழியில் நிற்பவர்களின் பெயர் ஒன்றுகூடத் தெரியாது.

சிந்தனைக்கு

1. சிறு தந்தம் வாங்கி ஆதாயம் கண்ட இளைஞரின் புத்தியை நாம் பாராட்டினோம். அந்தப் புத்தி எந்த இடத்தில் தவறான வழியில் திரும்பியது? ன்ஸாமாவின் ஊரிலா, அதற்கு முன்பேயா?

2. கடன் கொடுத்தவருக்கு, தம் பணம் என்ன செய்கிறது என்று கேட்கும் கடமை உண்டா? வட்டியும் முதலும் வந்தால் போதும் என்று இருந்துவிடலாமா?

3. நம் கடைக்கும் உணவகத்துக்கும் ஊரிலிருந்து வேலைக்கு வரும் பிள்ளையின் கடவுச்சீட்டு யார் பெட்டியில் இருக்கிறது? அவனுக்குக் கொடுத்த முன்பணம் எப்போது தீரும் என்று அவனுக்குத் தெரியுமா? விட்டுப் போக நினைத்தால் அவனால் போக முடியுமா?

4. நம் பேரேட்டில் பெயர் ஏறாமல் நமக்கு உழைப்பவர் யார் யார்? இன்றிரவு கடை அடைத்துக் கணக்கு முடிக்கும்போது, அவர்கள் பெயரை ஒரு முறை எழுதிப் பார்ப்போமாக.